மெசின் அவர்களுடையது, சாமான் என்னுடையது

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் ஒரு கூட்டல் மெசின் இருந்தது. தட்டெழுத்து மெசின் அளவுதான் இருக்கும், பாரம் அதைப்போல் இரண்டு மடங்கு. முகம் முழுக்க வரிசை வரிசையாக இலக்கப் பொத்தான்கள், வலது பக்கம் ஒரு கைப்பிடி. இலக்கத்தை அழுத்திக் கைப்பிடியை இழுத்தால் உள்ளே சக்கரங்கள் சுழன்று பழைய தொகையோடு புதியதைக் கூட்டிக்கொள்ளும். காகிதச் சுருளில் அச்சும் விழும். மடுவக் கொட்டகைகளில் நிறுத்த கொழுந்தின் றாத்தல் கணக்கு எல்லாம் அதில்தான் ஏறும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியே வந்த மெசின் என்று சொல்வார்கள்.

நான் அதை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். எங்கள் ஆட்கள் ஆபீசுக்குள் போவதில்லை. ஆபீசின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் உண்டு. தலைத்துண்டை எடுத்துவிட்டு அதன் அடியில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு எப்போது நிமிரத் தோன்றுகிறதோ அப்போதுதான் பேச்சு. மழைக்கு அங்கே கூரை கிடையாது. வட்டவளைப் பக்கத்து மழையைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

தோட்டத்துப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குமேல் அங்கே வகுப்பு இல்லை. பிறகு ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து பரப்பப் போனேன். மெசின்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவர் வேலையை விட்டுப் போனபின் பெல்ட்டு அறுந்தாலும் ரோதைச் சக்கரம் நின்றாலும் என்னைக் கூப்பிட்டார்கள். சாவிகளும் சுத்தியலும் கொஞ்சம் கொஞ்சமாக என் கைக்கு வந்தன. நாலு வருசம் பிட்டர் வேலையை நான்தான் பார்த்தேன். ஆனால் செக்ரோலில் நான் சாதாரண ஆள். ஆட்களின் பெயரும் வேலையும் பதிகிற அந்தப் பெரிய புத்தகத்தில் ஒருவன் எப்படி எழுதப்பட்டிருக்கிறானோ அப்படித்தான் அவனுக்கு விடியும். கணக்கப்பிள்ளை நினைத்தால் விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் என் பேரைக் கூப்பிட்டு, தண்ணீர்க் கான் வெட்டவோ செடி கவ்வாத்து வெட்டிய மட்டத்துக்கு உரம் சுமக்கவோ அனுப்பலாம். அனுப்பியும் இருக்கிறார்கள். காலையில் கான் வெட்டிக்கொண்டிருப்பேன். பதினொரு மணிக்கு ஸ்டோரில் ஏதாவது நின்றுவிடும். சேற்றுக்காலோடு ஓடுவேன்.

தோட்டத்து ஆட்கள் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனுக்கள் தள்ளுபடியாகித் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் மனுவும் திரும்பியிருந்தது. இந்த நாட்டுப் புத்தகத்தில் நான் இல்லை. என் தாத்தா கப்பலேறி வந்த நாட்டின் புத்தகத்திலும் இல்லை. இருந்தது செக்ரோலில் மட்டும். அதிலாவது என் கை செய்கிற வேலையோடு என் பேர் இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவது ஆளாகப் போய் நிற்கவே கூசும்.

ஒரு நாள் பெரிய கிளாக்கர் என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்தை நிர்வகிக்கிற துரைக்கு அடுத்தபடியாக ஆபீசையே நடத்துகிறவர்.

"அடேய், இந்த மெசினத் தொறந்து பாக்க ஒனக்குத் தைரியம் இருக்கா?"

"என்ன கோளாறுங்க ஐயா?"

"அது தெரிஞ்சா ஒன்னய எதுக்குடா கூப்புடுறேன்?"

கைப்பிடி போனால் திரும்பவில்லை. நூறு வரும் இடத்தில் தொகை தடுமாறியது. இரண்டு பொத்தான்கள் உடைந்திருந்தன. மெசினை விற்ற கொழும்புக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். இவ்வளவு பழைய மெசினுக்கு இப்போது சாமான் வருவதில்லை என்று பதில் வந்திருக்கிறது. அதைத் துரையிடம் சொல்ல அவருக்குப் பயம். தான் பார்த்துச் சரிப்படுத்துவதாக முன்பே வாக்குக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

"இது ஓடட்டும். மறு மாசமே செக்ரோல்ல ஒம் பேருக்கு நேரா பிட்டர்னு எழுதுறேன்" என்றார்.

நான் ஒன்றும் கேட்காமலே அவராகச் சொன்ன வார்த்தை அது.

"ஆனா ஒண்ணு. தோட்டத்துச் சாமான் ஒரு ஆணிகூட இதுக்குள்ள போகக் கூடாது. ஸ்டோர்ல சாமான் எடுத்தா எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுத்தா தொர கேப்பாரு. வெளங்குதா?"

விளங்கியது. மெசினைக் கொழுந்துச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, ஆட்களின் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் போனேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, ஆபீசயே தூக்கிட்டு வந்துட்டீங்க?"

"கூட்டுற மெசினு."

"ஆமா, இங்க கூட்டிப் பாக்கத்தான் கொட்டிக் கெடக்கு."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு உட்கார்ந்தேன். முதல் ஞாயிறு எதையும் கழற்றவில்லை. மூடியை மட்டும் எடுத்துவிட்டு, ஒவ்வோர் இலக்கமாக அழுத்தி, கைப்பிடியைக் கையாலேயே திருப்பி, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்தேன். ஒன்பதோடு ஒன்று கூட்டினால் சைபரைப் போட்டுவிட்டு மனசில் ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்வார் எங்கள் வாத்தியார். மெசினுக்கு மனசு இல்லை. அந்த ஒன்றை அடுத்த சக்கரத்துக்குக் கொண்டுபோக ஒவ்வொரு சக்கரத்திலும் அரிசி நீளத்தில் ஒரு கொக்கி இருந்தது. அதைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்க மயிர்போல் ஒரு சுருள் கம்பி. பத்து இடத்துச் சக்கரத்திலிருந்து நூறு இடத்துக்குப் போகிற கொக்கி தேய்ந்து மழுங்கியிருந்தது. எட்டுத் தடவை தள்ளும், ஒன்பதாவது தடவை வழுக்கும். அதைக் கண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோசத்தில்தான்.

அப்பா தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தி முனை ஒடிந்து கிடந்தது. அந்த இரும்பு லேசில் தேயாது. அதில் ஒரு துண்டை வெட்டி, அரம் போட்டு அரம் போட்டுக் கொக்கி செய்தேன். நாலாவதுதான் பொருந்தியது. சுருள் கம்பிக்கு என் மனைவியின் கொண்டை ஊசி ஒன்றைக் கேட்டேன்.

"ஊசிய மெசினுக்குக் குடுத்துட்டு நான் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகவா?"

கொடுத்தாள். அதை நெருப்பில் காட்டி இளக்கிச் சுற்றினேன். கைப்பிடியைத் திருப்பி இழுக்கும் பெரிய ஸ்பிரிங்குக்கு ஹட்டன் பழைய இரும்புக் கடையில் ஒரு லொறியின் பிரேக் ஸ்பிரிங் கிடைத்தது. பாதியாக வெட்டி நுனியை வளைத்தேன். உடைந்த பொத்தான்களுக்கு என் கறுப்புக் கோட்டிலிருந்து இரண்டு பித்தானைப் பிய்த்து, 7, 4 என்று ஊசியால் கீறிச் சுண்ணாம்பு தடவித் துடைத்தேன். இலக்கம் வெள்ளையாக நின்றது. காகிதம் சுற்றுகிற உருளையின் ரப்பர் வெடித்திருந்தது. அதற்குக் கிழிந்த சைக்கிள் டியூப்.

கடைசியில் எண்ணெய். ஸ்டோரில் நல்ல மெசின் எண்ணெய் இருக்கிறது, தொடக்கூடாது. வீட்டிலிருந்தது தேங்காயெண்ணெய். கோழி இறகால் தொட்டு ஒவ்வொரு பல்லிலும் வைத்தேன். அடுப்புப் பக்கத்தில் மெசின் வெண்ணெய்போல் ஓடியது. நூறு தடவை கூட்டிப் பார்த்தேன். என் மனைவி மனக்கணக்கில் கெட்டிக்காரி, பக்கத்தில் உட்கார்ந்து சரி பார்த்தாள். ஒரு பிழை இல்லை.

திங்கள் காலை ஜன்னலில் ஏற்றி வைத்தேன். தை மாதப் பனி. பெரிய கிளாக்கர் ஒரு பொத்தானை அழுத்தினார். அழுத்தியது எழும்பவில்லை. கைப்பிடியை இழுத்தார். பாதி வழியில் நின்றது.

"ஓடுதுன்னியே, எங்கடா ஓடுது? ஒன் லயத்துக்கா?"

சாக்கில் சுற்றித் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். மத்தியானம் அடுப்படியில் வைத்து இழுத்தால் குதிரை மாதிரி ஓடுகிறது. மறுநாள் காலை ஜன்னலில் வைத்தால் கட்டை. மூன்று நாள் இப்படி. என் மெசினுக்குத் துரையைக் கண்டால் பயம் என்று லயத்தில் கேலி செய்தார்கள்.

நாலாம் நாள் காலையில் என் மனைவி தலைக்கு வைக்க எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். உள்ளே எண்ணெய் மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது. தினமும் செய்வதுபோல் அடுப்போரம் வைத்து உருக்கினாள். நான் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க அப்புடிப் பாக்குறீங்க? ஒங்களுக்கும் வைக்கவா?"

பிறந்தது முதல் அந்தக் குளிரில் இருக்கிறேன். தேங்காயெண்ணெய் காலையில் உறையும் என்று எங்கள் மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மெசினுக்குள் போனால் அது வேறு எண்ணெய் ஆகிவிடும் என்று நினைத்த ஆள் நான் ஒருவன்தான். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, டவுனில் தையல்காரரிடம் தையல் மெசின் எண்ணெய் கொஞ்சம் வாங்கி விட்டேன். அதன்பின் பனியானாலும் மழையானாலும் ஓடியது.

மறு மாதம் வந்தது. செக்ரோல் மாறவில்லை. கேட்க ஜன்னலுக்குப் போய் இரண்டு தடவை பேசாமலே திரும்பினேன். அதற்குள் தோட்டக் கம்பெனிக்காகத் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கிற விசிட்டிங் துரை வந்தார். மெசின் இடையில் நின்றுவிட்டால் பார்ப்பதற்காக என்னை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். அவர் மெசினில் இருந்த என் கோட்டுப் பித்தானைப் பார்த்துச் சிரித்தார். விரலால் தட்டிக்காட்டி யார் செய்தது என்று இங்கிலீசில் கேட்டார். பெரிய கிளாக்கர் இங்கிலீசில் நீளமாகப் பதில் சொன்னார். கொழும்பு என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. ஜன்னல் பக்கம் அவர் கையைக்கூட நீட்டவில்லை. விசிட்டிங் துரை அவர் தோளில் தட்டினார்.

மறுநாள் பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டார்கள். கான் வெட்டு. அன்று சாயங்காலம் ஜன்னலடியில் நின்று எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன்.

"ஐயா, பிட்டர்னு எழுதுறேன்னு சொன்னீங்களே."

"மெசினுதான் ஓடுதே. இனி பிட்டரு எதுக்குடா?"

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

பதினைந்து நாள் கான் வெட்டினேன். பதினாறாம் நாள் மத்தியானம் ஆள் ஓடி வந்தது. மெசின் நின்றுவிட்டது, உடனே வரச் சொன்னார்கள். முழங்கால்வரை சேறு. அப்படியே போனேன். மெசினை ஜன்னல் கட்டையில் வைத்திருந்தார்கள். மூடியைக் கழற்றினேன். கோளாறு ஒன்றும் பெரிதில்லை, கொண்டை ஊசிச் சுருள் ஒரு பக்கம் விலகியிருந்தது. நகத்தால் தள்ளினால் போதும்.

நான் தள்ளவில்லை. அதைக் கழற்றி எடுத்தேன். தலைத்துண்டைக் கட்டையில் விரித்து அதன்மேல் வைத்தேன். பிறகு கொக்கி. பிறகு ஸ்பிரிங். பித்தான்களைக் கழற்றும்போதுதான் பெரிய கிளாக்கர் நிமிர்ந்தார்.

"என்னடா செய்யிற?"

ரப்பரை உரித்தேன்.

"அடேய்! தோட்டத்து மெசின ஒடைக்கிறான்! தொரை! தொரை!"

துரை உள்ளறையிலிருந்து வந்தார். வெள்ளைக்காரர். தோட்டத்தில் பழகிய தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"என்னா இது? ஏன் கிளாக்கர் சத்தம் போடுது?"

"சாமானத் திருடுறான் சேர். பொலிசுக்குச் சொல்லணும். பத்துச்சீட்டக் குடுத்து வெரட்டணும்."

பத்துச்சீட்டு என்றால் வேலையும் போகும், லயத்துக் காம்பராவும் போகும், குடும்பம் ரோட்டில் நிற்கும். ஆனால் துண்டின்மேல் வரிசையாகக் கிடந்த சாமான்களைப் பார்த்தபோது நாக்குப் புரண்டது. ஆளைப் பார்த்துத்தான் எனக்குப் பேச வராது, சாமானைப் பார்த்துப் பேச வரும்.

"இது எம் பொஞ்சாதி கொண்ட ஊசிங்க தொரை. இது லொறி ஸ்பிரிங்கு, ஹட்டன் கடையில நான் வாங்குனது. இது எங் கோட்டுப் பித்தானு, பாருங்க, இங்க நூலு மட்டுந்தான் தொங்குது. இது சைக்கிள் டியூப்பு. இதுல எது தொரை தோட்டத்துச் சாமான்?"

"அது?" கிளாக்கர் கொக்கியைக் காட்டினார். "அது கவ்வாத்துக் கத்தி இரும்பு! கத்தி தோட்டத்துது!"

"கத்திக்கு எங்கப்பா சம்பளத்துல காசு புடிச்சாங்க ஐயா. நீங்கதான் புடிச்சீங்க."

துரை கொக்கியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கிளாக்கரைப் பார்த்தார்.

"கொழும்பு ஆள் செய்தது, நீ சொன்னது?"

கிளாக்கர் ஏதோ இங்கிலீசில் ஆரம்பித்தார். துரை கையை உயர்த்தினார்.

"சரி. நீ திரும்பப் போடு."

"செக்ரோல்ல பிட்டர்னு எழுதுங்க தொரை. இப்பவே போடுறேன்."

துரையின் முகம் சிவந்துவிட்டது. பொய் சொன்ன கிளாக்கரை அவர் மன்னித்திருப்பார், ஜன்னலுக்கு வெளியே நின்று பேரம் பேசுகிறவனை எப்படி மன்னிப்பார்? "வேலை நிப்பாட்டு" என்றார். நான் துண்டைச் சேர்த்து முடிந்துகொண்டு நடந்தேன்.

தொழிற்சங்கத் தலைவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

"இவ்ளோ நாளா வாயத் தொறக்காம இருந்துட்டு, தொறந்தா இப்புடியா அண்ணே தொறப்பீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கடுதாசி போட்டிருப்பேன்ல."

"கடுதாசி போட்டா ஜன்னலண்டதான் நிக்கும்" என்றாள் என் மனைவி.

மெசின் இல்லாமல் அவர்கள் திண்டாடுவார்கள், இரண்டே நாளில் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. லயத்தில் பேச்சு மாறத் தொடங்கியது. கணக்கு முடியாவிட்டால் எல்லாருக்கும் சம்பளம் பிந்தும், இவன் ஒருவனால் என்று குழாயடியில் என் மனைவியின் காதுபடவே பேசினார்கள். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டே, "அப்ப போயி கூட்டிக் குடுங்க, பத்து வெரலு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். வீட்டுக்கு வந்து அழுதாள். சம்பளம் பிந்தவில்லை. கிளாக்கர்மார் கையாலேயே கூட்டி முடித்துவிட்டார்கள். அன்று எனக்கு ஒரு விசயம் தெரிந்தது. நான் இல்லாமலும் தோட்டம் ஓடும். அது தெரிந்த பிறகும் போய்க் கும்பிட எனக்கு மனசு வரவில்லை. ஓடினால் ஓடட்டும், என் ஊசியில் ஓட வேண்டாம்.

மூன்று வாரம் செக்ரோலில் என் மனைவியின் பேருக்கு விழுந்த சம்பளத்தில் சாப்பிட்டோம். பிறகு ஒரு காலையில் துரையே ஆள் அனுப்பினார். கையால் கூட்டிய கொழுந்துக் கணக்கில் பெரிய பிழை ஏறி, கம்பெனியிலிருந்து அவருக்கு ஏச்சுக் கடிதம் வந்திருந்ததாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். ஜன்னலடியில் போய் நின்றேன். துரை செக்ரோலைத் திறந்து, என் பேருக்கு நேரே ஏதோ அடித்து ஏதோ எழுதி, "பிட்டர். சரியா?" என்றார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க தொரை. தமிழ்லயும் எழுதச் சொல்லுங்க."

துரைக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பேனையைப் பெரிய கிளாக்கரிடம் நீட்டினார். கிளாக்கர் என்னைப் பார்க்காமல் எழுதினார். புத்தகத்தை என் பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினார். நான் எழுத்து எழுத்தாக, ஐந்தாம் வகுப்பில் வாசித்த மாதிரி, வாய்விட்டு வாசித்தேன். சரியாக இருந்தது. மை காயும்வரை அவர் புத்தகத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

"உள்ள வந்து செய்" என்றார் துரை. "ஜன்னல்ல காத்து அடிக்குது."

உள்ளே போனேன். தரை பளபளவென்று இருந்தது. என் காலைத் துடைக்கவில்லை. அரை மணி நேரத்தில் மெசின் ஓடியது.

பிட்டருக்குப் பெரட்டு கிடையாது. நேராக ஸ்டோருக்குப் போகலாம். ஆனாலும் மறுநாள் விடியற்காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போனேன். வழக்கமாக நிற்கும் ஓரத்தில் இல்லை, முன் வரிசையில் நின்றேன். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். பேர்களை வாசிக்கத் தொடங்கினார். கொழுந்துக்கு, கவ்வாத்துக்கு, உரத்துக்கு, கடைசியில் கான் வெட்டுக்கு. ஒரு பேர் விடாமல் எல்லாவற்றையும் நின்று கேட்டேன். என் பேர் வரவில்லை. பக்கத்தில் நின்றவர், "அண்ணே, ஒங்களத்தான் கூப்புடவே இல்லயே, நின்னுக்கிட்டே இருக்கீங்க?" என்றார்.

"கூப்புடாததக் கேக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்கு நடந்தேன்.